கடைக்குக் குலம் கோத்திரம் பார்த்தல்

அமேசானுக்கு மாற்றாக உள்ளூர்க் கடை தேடுவது 2025 தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவில் பலருக்கும் மாலைநேரப் பொழுதுபோக்காகிவிட்டது. கிரீன்லாந்து எங்களுக்கு வேண்டும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கிளப்பிய பேச்சும், கூடவே வந்த இறக்குமதி வரி மிரட்டலும் டென்மார்க்காரர்களுக்கு ரோஷத்தைக் கிளறிவிட்டன. அங்குள்ள பெரிய பல்பொருள் அங்காடிக் குழுமமான சாலிங், ஐரோப்பிய நிறுவனங்களின் சரக்குக்கு விலைச்சீட்டில் ஒரு கறுப்பு நட்சத்திரம் போட ஆரம்பித்தது. கெட்சப் பாட்டிலை நட்சத்திரம் பார்த்து எடுப்பது சுலபம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் இருந்தபடியே செல்போன் உறை, பூனைக்கு மணல், ஒரு துப்பறியும் நாவல், வாஷிங் மெஷின் ரப்பர் ஆகிய நான்கையும் ஒரே கூடையில் தள்ளிவிட்டுத் தூங்கும் பழக்கத்துக்கு எங்கே நட்சத்திரம் ஒட்டுவது?

இதில் முதல் சங்கடம் என்னவென்றால், அமேசான் ஐரோப்பாவுக்குள் நுழைந்ததே ஐரோப்பியக் கடைகளை வாங்கித்தான். ஜெர்மனியில் ரெகன்ஸ்பர்க் நகரத்திலிருந்து நடந்துகொண்டிருந்த டெலிபூக் என்ற இணையப் புத்தகக் கடையையும், பிரிட்டனின் புக்பேஜஸையும் 1998-இல் விலைக்கு வாங்கி, அதே ஆண்டு அக்டோபரில் தன் பெயர்ப்பலகையை மாட்டியது. அதாவது மாற்றுக்கடை முன்பே இருந்தது. அதுதான் அமேசான் ஆனது. இன்று அமெரிக்காவுக்கு வெளியே அதன் மிகப்பெரிய சந்தை ஜெர்மனி. ஐரோப்பியத் தலைமையகம் இருப்பதோ லக்ஸம்பர்க்கில். மொத்த நாட்டின் மக்கள்தொகையே ஏழு லட்சத்தைத் தொடாத ஊர் அது. சரக்கு விற்க அங்கே போனார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே, மாற்றுக்கடை தேடுகிறவர் சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி ஒவ்வொரு கடைக்கும் குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விசாரித்தால் நிம்மதி போய்விடும். அமேசான் வேண்டாம், பழைய ஜெர்மன் புத்தகங்களை ட்சட்ஃபாவ்ஆபே தளத்தில் வாங்கலாம் என்று ஒருவர் கிளம்புகிறார். அந்தத் தளத்தை 2011-இல் வாங்கியது கனடாவின் ஏப்புக்ஸ். ஏப்புக்ஸை அதற்கு மூன்று வருஷம் முன்பே அமேசான் வாங்கியாயிற்று. இங்கிலாந்தின் புக் டெபாசிட்டரியும் 2011-இல் அதே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, 2023 ஏப்ரலில் கதவை மூடியது. அமேசானின் கிண்டிலுக்குப் போட்டியாக ஜெர்மன் புத்தகக் கடைகள் டாய்ச்ச டெலிகாமுடன் கூட்டுச் சேர்ந்து 2013-இல் டோலினோ என்ற மின்படிப்பானைக் கொண்டுவந்தன. நல்ல கருவி. 2017-இல் டெலிகாம் விலகிக்கொள்ள, தொழில்நுட்பப் பொறுப்பு கோபோவிடம் போனது. கோபோ கனடாவில் பிறந்தது, ஜப்பானின் ராகுடென்னுக்குச் சொந்தம். ருமேனியாவின் ஈமாக் கடையின் கோத்திரமோ ஆம்ஸ்டர்டாமின் புரோசஸுக்குப் போகிறது. புரோசஸின் தாய்வீடு கேப்டவுனின் நாஸ்பர்ஸ். நாஸ்பர்ஸுக்குப் பெரும் செல்வம் வந்ததோ சீனாவின் டென்சென்ட் பங்குகளால். ஜெர்மானியர்கள் சலவை இயந்திரம் வாங்க ஓடும் மீடியாமார்க்கட்டின் தாய் நிறுவனத்துக்கு 2025-இல் சீனாவின் ஜேடி நிறுவனம் விலை பேசியது. ஏதோ ஒரு தலைமுறையோடு விசாரணையை நிறுத்திக்கொள்கிறவருக்குத்தான் வாஷிங் மெஷின் ரப்பர் கிடைக்கும்.

ஐரோப்பாவின் அமேசான் என்று ஒரே ஒரு கடை கிடையாது. நாட்டுக்கு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் போல். 1999-இல் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மான் தொடங்கியது, 2012 முதல் அஹோல்டு என்ற மளிகைக் குழுமத்தின் கையில் இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டிய சட்டையை அதே குழுமத்தின் அல்பர்ட் ஹைன் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் பால் வாங்கிக்கொண்டு வரலாம். எல்லாம் சரி, நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் தாண்டி அது வராது. போலந்தில் அலெக்ரோ. போஸ்னான் நகரத்தில் 1999-இல் ஒரு டச்சுக்காரர் தொடங்கியது. அமேசானுக்கு 2014-இலேயே போலந்தில் கிடங்குகள் வந்துவிட்டன. ஆனால் போலந்துத் தொழிலாளர்கள் அங்கே கட்டிய பார்சல்கள் ஜெர்மனிக்குப் போயின. போலந்துக்காரர்களுக்கென்று அமேசான் கடை திறந்தது 2021-இல்தான். அதற்குள் அலெக்ரோ அசைக்க முடியாதபடி வேரூன்றிவிட்டது. செக் நாட்டின் ஆல்சாவுக்கு விளம்பர முகம் ஆல்சாக் என்ற பச்சை நிற வேற்றுக்கிரகவாசி. அதன் கீச்சுக்குரலைக் கேட்டுவிட்டு மறக்கத்தான் முடியாது.

ஜெர்மனியில் ஓட்டோ இவை எல்லாவற்றுக்கும் பெரியப்பா. வெர்னர் ஓட்டோ 1949-இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய கடை. முதல் கேட்லாக் 1950-இல் வந்தது. 14 பக்கம், 28 ஜோடிக் காலணிகள், மொத்தம் 300 பிரதிகள், படங்களைக் கையால் ஒட்டிக் கையாலேயே கட்டினார்கள். பின்னாளில் அது தலைக்கு வைத்துப் படுக்கும் அளவுக்குத் தடித்து, 2018 டிசம்பரில் கடைசிப் பெருங்கேட்லாக்கோடு நின்றுபோனது. முதலில் பொருள், பிறகு பணம் என்ற பழைய வழக்கத்தை இணையத்திலும் ஓட்டோ விடவில்லை. ஜெர்மானியர்களுக்குப் பில்லைப் பார்த்துப் பணம் கட்டுவதில் ஒரு தனி சுகம்.

சுவிட்சர்லாந்தின் கேலக்ஸஸ் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கடை. பெரும்பங்கு வைத்திருப்பது மிக்ரோஸ் என்ற கூட்டுறவு. ஜெர்மனிக்கும் 2018-இல் வந்தது. எந்த பிராண்ட் எத்தனை சதவீதம் ரிப்பேருக்கு வருகிறது, எத்தனை சதவீதத்தை வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பொருளுக்குக் கீழேயே எழுதி வைக்கிறார்கள். தான் விற்கும் சரக்கின் குறையைத் தானே பட்டியல் போடும் வியாபாரியை மனிதகுலம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறது. விளைவு, கெட்டில் வாங்கப் போனவர் கெட்டில் வாங்காமல் ஒரு மணி நேரம் புள்ளிவிவரம் படித்துவிட்டு, பழைய கெட்டிலிலேயே டீ போட்டுக் குடிக்கிறார்.

பெர்லினின் ஸலாண்டோ 2008-இல் காலணியில் தொடங்கித் துணிமணிக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஏப்ரலில் மிகப்பெரிய இணையத் தளங்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக் கூடுதல் கட்டுப்பாடு விதித்தபோது, அமேசானுக்குப் பக்கத்திலேயே ஸலாண்டோவின் பெயரும் இருந்தது. அமெரிக்கர்களுக்கு நிகரான ஐரோப்பியக் கடை என்று சிலர் மகிழ்ந்தார்கள். ஸலாண்டோ மட்டும் மகிழவில்லை. நாங்கள் அவ்வளவு பெரியவர்கள் இல்லை என்று முதல் ஆளாக வழக்குப் போட்டு, 2025 செப்டம்பரில் தோற்றது. அதன் தளம் வெகுகாலமாக ஓடுவது அமேசானிடம் வாடகைக்கு எடுத்த கணினிகளில்.

புத்தகத்தில் மட்டும் ஐரோப்பாவின் கை ஓங்கியிருக்கிறது. ஜெர்மனியில் புது நூலின் விலையைப் பதிப்பகம்தான் நிர்ணயிக்கும். அமேசானிலும் அதே விலை, தெருமுனைக் கடையிலும் அதே விலை. மாலையில் சொல்லி வைத்தால், மொத்த விற்பனையாளரின் வண்டி இரவோடு இரவாக ஓடி, மறுநாள் காலையில் கடை திறக்கும்போது புத்தகம் வந்திருக்கும். மறுநாள் டெலிவரி என்ற அதிசயம் அமேசான் பிறப்பதற்கு முன்பே அந்தத் தெருமுனையில் நடந்துகொண்டிருந்தது. ஒரே சிரமம், கடைக்காரருக்குக் காலை வணக்கம் சொல்ல வேண்டும்.

பிரான்ஸில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கிடையாது. இணையக் கடைகள் அந்த ஐந்தையும் கொடுத்து, தபாலையும் இலவசமாக்கின. இலவசத் தபால் கூடாது என்று 2014-இல் சட்டம் வந்தது. சட்டத்தை மதித்து அமேசான் கட்டணம் விதித்தது: ஒரு சென்ட். ஒரு யூரோவில் நூறில் ஒரு பங்கு. நாடாளுமன்றம் ஏழு வருஷம் யோசித்து மறுபடி சட்டம் போட, 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்குக் குறைந்தது மூன்று யூரோ வாங்கியாக வேண்டும் என்றானது. கடையில் வந்து எடுத்துக்கொண்டால் கட்டணம் இல்லை என்ற விதிவிலக்கை அமேசான் கண்டுபிடிக்க ஓராண்டு ஆனது. புத்தகமும் விற்கும் கடைகளில் பார்சல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. இந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை.

அரசாங்கமே மாற்றுக்கடை கட்டிய கதை ஆஸ்திரியாவில் நடந்தது. கொரோனா காலத்தில், 2020 நவம்பர் 30 அன்று, கிறிஸ்துமஸ் வியாபாரத்தை நம்பி, பொருளாதார அமைச்சகமும் வர்த்தக சபையும் சேர்ந்து ‘கவுஃப்ஹவுஸ் ஓஸ்டர்ரைஹ்’ என்ற தளத்தைத் திறந்தன. செலவு 12 லட்சம் யூரோவுக்கு மேல். நாட்டுமக்கள் ஆவலோடு போய்த் தேடுபெட்டியில் வேண்டியதைத் தட்டினார்கள். பொருள் வரவில்லை. ஏனென்றால் அங்கே பொருளே இல்லை, கடைகளின் பெயர்ப்பட்டியல்தான் இருந்தது. பட்டியலில் ஒரு கடையைத் தட்டினால் அந்தக் கடையின் சொந்தத் தளத்துக்குப் போகலாம். மிச்சத்தை அங்கே தேடிக்கொள்ள வேண்டும். ஊரே சிரித்தது. இரண்டு மாதம் கழித்து, இனி இது வணிகர்களுக்கான தகவல் தளம் என்று அறிவித்துவிட்டார்கள். அமேசானும் ஒன்றும் சறுக்காத கால் அல்ல. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்வீடனில் கடை திறந்தபோது, நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஸ்வீடன் கொடிக்குப் பதில் அர்ஜென்டினாவின் கொடியைப் பறக்கவிட்டது.

பணம் கட்டும் இடத்தில் மறுபடி கோத்திரப் பிரச்சினை. விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் அமெரிக்காவுடையவை. நெதர்லாந்தில் ஐடீலும் போலந்தில் பிளிக்கும் உண்டு, 2024-இல் வேரோ என்ற பொதுத் திட்டமும் வந்தது. பார்சல் கொண்டுவரும் மஞ்சள் வண்டி டிஹெச்எல் ஜெர்மனியுடையது. ஆனால் அது 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் மூன்று அமெரிக்கர்கள் தொடங்கிய நிறுவனம். ஜெர்மன் தபால் துறையின் வாரிசு அதை முழுதாக வாங்கியது 2002-இல். ஒரே ஒரு தடவையாவது கதை எதிர்த்திசையில் நடந்திருக்கிறது.

பிடிக்காத பொருளைத் திருப்பி அனுப்ப அமேசான் தேவையே இல்லை. இணையத்தில் எந்தக் கடையில் வாங்கினாலும், ஒருசில பொருட்கள் நீங்கலாக, 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தருகிறது. ஒரே ஆர்டரில் வாங்கிய நான்கு பொருள் வெவ்வேறு நாளில் வந்தால், கடைசிப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. நான்கையும் நான்கு கடையில் வாங்கியவருக்கு இந்தச் சலுகை கிடையாது. நான்கு கெடுவையும் காலண்டரில் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.