மயில் ஏறுன ஓடு

வாய்யா மருமகனே, உக்காரு. திண்ணையில அங்கிட்டு வேணாம், இங்கிட்டு வா. அங்கிட்டு ஒழுகும். இன்னைக்கு வெயில்தான், இருந்தாலும் பழகிப்போச்சு.

புது வீட்டைச் சுத்திப் பாத்தேன்யா. திருப்பூர்ல கண்ணு முழிச்சுச் சம்பாதிச்ச காசு, வாசல்ல கிரானைட்டு, படிக்கு எவர்சில்வர் கைப்பிடி, எல்லாம் ஜோர். மேல என்ன இருக்குன்னு மட்டும் யாரும் காட்டல. நீயும் பாத்திருக்க மாட்ட. பால் காய்ச்சுன அன்னைக்கு செல்பி எடுக்க ஏறுனதோட சரி. புரட்டாசி பொறந்து பத்து நாளாச்சு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கறி திங்காம இருக்கத் தெரியுது, அதே சனிக்கிழமை மாடி ஏறி ஒரு நோட்டம் விடத் தெரியல.

ஐப்பசியில மழை வந்தாத்தான் வீடு ஒழுகும்னு நெனைக்கிற பாரு, அங்கதான் படிச்சவன் ஏமாறுறான். வீடு ஒழுக ஆரம்பிக்கிறது ஆடியில. நம்ம பக்கம் ஆனி, ஆடிக் காத்து சும்மா வீசுதா? ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காத்தாடி நட்டுக் கரண்டு எடுக்குறாய்ங்களே, அந்தக் காத்துதான். மேக்க மலையைத் தாண்டி வந்து ஓட்டுக்கு அடியில கைவிட்டு நெம்பிப்பிட்டுப் போயிரும். அப்ப ஒரு பொட்டுத் தண்ணி இருக்காது, அதனால யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழை வந்து சாட்சி சொல்லும்போது நாம மழையைப் பிடிச்சு வையிறோம். இதுல இன்னொரு கூத்து, காத்து மேக்கருந்து வரும், மழை கிழக்கருந்து வரும். 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறித் திண்டுக்கல் வழியாத்தான மேக்க வந்துச்சு? ஆகக்கொண்டு ரெண்டு சரிவையும் பாக்கணும். ஒரு பக்கம் பாத்துட்டு இறங்குனா பாதி முகம் சவரம் பண்ணுன கதை.

பின்னாடி உங்கம்மா இன்னமும் சோறாக்குற பழைய ஓட்டு வீடு இருக்குல்ல, மொதல்ல அதைச் சொல்றேன். அது சீமை ஓடு. 1865-ல பாசல் மிஷன் பாதிரிமாரு மங்களூர்ல சூளை போட்டு ஆரம்பிச்சு வச்ச சரக்கு. பள்ளமும் மேடுமா ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு உக்காரும். ஒரு ஓடு ரெண்டு விரக்கடை நகந்தா சுத்தியிருக்குற நாலும் கோவிச்சுக்கிட்டுத் தனித்தனியாப் போயிரும். நகத்துறது காத்து மட்டுமில்ல. நம்ம ஊருக்கு மயிலாடும்பாறைன்னு பேரு வச்சவன் என்ன நெனைச்சு வச்சானோ, மயிலு பாறையை விட்டுப்பிட்டு ஓட்டு மேலதான் ஆடுது. விரட்டலாம், கல்லெடுத்து எறியக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல அதுக்கு இருக்குற பாதுகாப்பு உனக்கும் எனக்கும் கிடையாது. ஒடைஞ்ச ஓட்டுக்குக் காசு வேணும்னா முருகன் கோயில் உண்டியல்லதான் மனுப் போடணும்.

ஓட்டைய மேல ஏறித் தேடாத. உச்சி வெயில்ல வீட்டுக்குள்ள போயி, கதவு சன்னலச் சாத்திட்டு அண்ணாந்து பாரு. வெளிச்சம் ஊசி ஊசியா எறங்கும், தரையில காசு காசாக் கெடக்கும். சின்ன வயசுல அதைப் பொறுக்கப் போயி ஏமாந்தவன் நீ. ஒவ்வொரு காசும் ஒரு குண்டாச் சட்டி வைக்கவேண்டிய எடம். வெளக்கமாத்துக் குச்சிய உருவி அந்தச் சந்துல மேல தள்ளி விடு. பொறவு வெளிய ஏறுனா, குச்சி தலைய நீட்டிக்கிட்டு ‘இந்தா இருக்கேன்’னு கூப்பிடும். ஆனா குச்சிய மட்டும் நம்பாத. தண்ணி ஒரு எடத்துல நுழையும், கைமரத்தோட ஓடி ரெண்டு முழம் தள்ளிச் சொட்டும். நம்ம ஊர் டீக்கடைப் பேச்சு மாதிரி, கெளம்புன வீடு ஒண்ணு, வெடிக்கிற வீடு ஒண்ணு. முகட்டு ஓட்டுக்கு அடியில சாந்து வெடிச்சிருக்கான்னு பாரு. ஏறும்போது கைமரத்துக்கு நேரா கால வையி, நடு ஓட்டுல மிதிச்சேன்னா மயிலுக்கும் ஒனக்கும் வித்தியாசம் தோகைதான்.

இப்ப ஒன் மச்சு வீட்டுக்கு வருவோம். ‘காங்கிரீட்டு மாமா, அது ஒண்ணும் ஆகாது’ன்னு சொன்னியாம். அந்தக் காலத்துல மட்டப்பா மேல செங்கச் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணியத் தெளிச்சு, பொம்பளைக வரிசையா உக்காந்து நாள்கணக்காக் கட்டையால தட்டுனாங்க. அவங்களே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதில்ல. பத்தடிக்கு ரெண்டு இஞ்சாவது வாட்டம் வேணும். இருக்கான்னு பாக்க இஞ்சினியரு வேணாம், ஒரு குடம் தண்ணிய எட்டாத மூலையில ஊத்து. அது தூம்பைத் தேடிப் போகணும், உக்காந்து யோசிக்கக் கூடாது.

அந்தத் தூம்பு வாயில கைவிட்டுப் பாத்தேன்யா, மன்னிச்சுக்க. வேப்பஞ்சருகு, பிளாஸ்டிக் பை, ஒரு ரப்பர் பந்து. ஒன் மகன் பந்து காணோம்னு போன பொங்கலுக்கு அழுதானே, அது. கணக்குப் போடுவோமா? மாடி 600 சதுர அடி. தூம்பு அடைச்சு ரெண்டு இஞ்சு தண்ணி நின்னா 2,800 லிட்டருக்கு மேல, அதாவது மூணு டன்னு கிட்ட. மேகமலையிலருந்து ஒரு பொட்டை யானையக் கூட்டியாந்து மொட்டை மாடியில கட்டிப் போட்ட மாதிரி. 2003-ல எல்லா வீட்டுலயும் மழைத்தண்ணிய சேமிக்கணும்னு சட்டம் போட்டாக, வாஸ்தவம். அதை ஹால்ல சேமிக்கச் சொல்லல.

வைகை அணைக்கு முழு மட்டம் 71 அடி. 66 அடியில மொதல் எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது. சங்கு ஊதுனா கரையில இருக்குறவன் எந்திரிக்கிறான். ஒன் கூரையும் சங்கு ஊதுது, உள்ள டிவி சத்தத்துல கேக்கல. சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிருதா, அது மொதச் சங்கு. மஞ்சக் கறை இந்தியா மேப்பு மாதிரி விரியுதா, ரெண்டாவது. இலங்கையும் சேந்து தெரிஞ்சா கம்பி துருப் பிடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு வச்சுக்க. துருப் பிடிச்ச கம்பி பெருக்கும், பெருத்தா காரைய நெட்டித் தள்ளும். பழைய தொகுப்பு வீடுகள்ல தூங்குறவன் மேல விழுகுற காரையெல்லாம் அப்படி வந்ததுதான்.

டிஷ் மாட்ட வந்தவன் தளத்துல நாலு ஓட்டை போட்டு நட்டு முடுக்கிட்டுப் போனானே, அந்த நாலு காலையும் பாரு. கைப்பிடிச் சுவத்துல ஒரு அரசங்கன்னு மொளைச்சிருக்கு. காக்கா போட்ட வெத. மேல கிள்ளிப் போட்டா அதுக்கு முடிவெட்டி விட்ட மாதிரி, இன்னும் செழிக்கும். வேரோட நோண்டிட்டுச் சிமெண்டுப் பால் ஊத்து. புள்ளையார் வேணும்னா ஆத்தங்கரையில பாத்துக்கலாம்.

எனக்கு எப்படி இம்புட்டும் தெரியும்ங்கிறியா? 1992 ஐப்பசிக் கடைசி, தூத்துக்குடிப் பக்கம் புயல் கரையேறுன வருசம். நாளைக்கு ஏறுறேன், நாளைக்கு ஏறுறேன்னு புரட்டாசி பூராவும் சீட்டாடிக்கிட்டிருந்தேன். பரண்ல விதைக்கு வச்சிருந்த மொச்சை மூட்டை மேல விடிய விடியச் சொட்டியிருக்கு. நாலாம் நாள் பாத்தா சாக்கைத் துளைச்சுக்கிட்டு மொளை வெளிய நிக்கிது. என் காட்டுல ஒருநாளும் அம்புட்டு அழகா மொளைச்சதில்ல. பதினஞ்சு நாள் வீட்டுல மொச்சைக் குழம்பு, உங்கத்தை ஒரு வார்த்தை பேசல. வஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

சரி, வெயில் சாயுறதுக்குள்ள ஏறு. ஏணிய நான் பிடிச்சுக்கிறேன். அங்க முடிச்சுட்டு அப்படியே கீழ எறங்கிராத, பக்கத்து ஓட்டு வீட்டுக்கும் நாலு எட்டு வையி. குச்சி நட்டு வச்சிருக்கேன், பதினேழு இருக்கும். யாரு வீடா? ஏன்யா, இம்புட்டு நேரமா யாரு திண்ணையில உக்காந்திருக்க? சத்தமாக் கேக்காத, உங்கத்தை காதுல விழுந்துரப் போகுது. வேலைய நேத்தே முடிச்சாச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.