உழைப்பு வேறு, கல்வி வேறு

ஒர்க்கரும் டிரெய்னியும் ஒன்றுதானே என்று கேட்கும் அப்பாவிகள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தண்டலம் கூட்ரோட்டில் வந்து நிற்கட்டும். ஒரே கம்பெனி பஸ், ஒரே நிறச் சட்டை, உள்ளே போனால் ஒரே கன்வேயர். ஆனால் ஒர்க்கர் போல்ட்டை முடுக்கினால் அது உழைப்பு. பக்கத்தில் டிரெய்னி முடுக்கினால் அது கல்வி.

நம் முன்னோர் இதை 1961லேயே யோசித்துவிட்டார்கள். தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது: பழகுநர்கள் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் அல்லர். ஆகவே அவர்களுக்குச் சம்பளம் என்ற இழிவு கிடையாது; உதவித்தொகை என்ற கௌரவம் உண்டு. பி.எஃப். பிடித்தம் என்ற தொல்லை இல்லை. செகண்ட் ஷிஃப்ட் என்பது மாலைக் கல்லூரி. அன்றைய டார்கெட், தேர்வு. ஓவர்டைமா? அது ஸ்பெஷல் கிளாஸ்.

வாத்தியார் யார் என்று கேட்காதீர்கள். போன வருடம் சேர்ந்த டிரெய்னிதான். அவர் வேலையை முழுசாகக் கற்றுக்கொண்ட அன்றே பட்டமளிப்பு விழா: கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பெற்றோர்களே, பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சட்டத்தை மீறிவிடாதீர்கள். படித்துக்கொண்டிருக்கிறான் என்றே சொல்லுங்கள்.