எங்கள் தெருவின் பொறுமை

எங்கள் தெருவைப் போலப் பொறுமையான தெருவைச் சென்னையில் நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு முன்னால், ட்ரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே, சாலை ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. மாசியில் அது தாம்பாளம் அளவு ஆனது. சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் பச்சைப் பாசி படர்ந்தது. காக்கைகள் வந்து சிறகை நனைத்துக்கொண்டன. நாங்கள் பதறவில்லை. முதலில் தாண்டினோம். பிறகு சுற்றிப் போனோம். பிறகு யாரோ இரண்டு செங்கல் கொண்டுவந்து போட்டார்கள். அதன்மேல் கால்வைத்து நடந்தோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வெள்ளை ஷூ நனையாமல் அந்தச் செங்கற்களில் கால் மாற்றும் லாவகம் பார்க்க அழகாக இருக்கும். அவ்வளவு நாள் பழகியிருந்தார்கள்.

எங்கள் தெருக்காரர்கள் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள். நினைவாற்றலும் அதிகம். 2019 கோடையை இன்றும் நாள் வாரியாகச் சொல்வார்கள். குழாய் வறண்டது, விடியற்காலையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு காத்திருந்தது, லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள் எண்ணியது, எல்லாம் நினைவிருக்கிறது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பார்த்தோம். கண் கலங்கியவர்களும் உண்டு. 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்த தண்ணீர் அது. அந்தக் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டேதான் இந்த வருஷமும் செங்கல் மேல் கால்வைத்துப் போனோம்.

பிறரைத் தொந்தரவு செய்யாத நாகரிகமும் எங்களிடம் உண்டு. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, வழிகுழாயிலிருந்து கம்பியாகத் தண்ணீர் இறங்கும். எதிர்வீட்டில் பார்ப்பார்கள். அழைப்பு மணியை அழுத்த மாட்டார்கள். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிட்டதாக ஆகிவிடுமே என்ற மரியாதை. சென்னையில் குடிநீர்ப் புகாருக்கு 1916 என்ற எண் இருப்பதை எங்களில் பாதிப் பேராவது அறிவோம். ட்ரான்ஸ்ஃபார்மர் ஈரத்துக்காக ஒருவரும் அதை அழைக்கவில்லை. இத்தனை வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவரை நம்பினோம். அண்டை அயலாரை இந்த அளவுக்கு நம்புகிறவர்களை எங்கே தேடுவது?

வீட்டுக்குள்ளும் தாராள மனசுதான். சமையலறைக் குழாய் விநாடிக்கு ஒரு சொட்டு விடுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. நாலு சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால் 21 லிட்டருக்கு மேல். கேன் தண்ணீர் ஒன்றில் இருப்பது 20 லிட்டர். கேன் விலை ஐந்து ரூபாய் ஏறினால் போடவரும் பையனிடம் காரணம் கேட்போம். தேய்ந்த வாஷர் ஒன்று தினம் ஒரு கேனை வடிய விடும்போது அதற்கடியில் ஒரு கிண்ணத்தை வைத்துச் சத்தத்தை அடக்குவோம்.

கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குச் சத்தமும் கிடையாது. ராத்திரி அதில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பார்க்கலாம். கீழே பேசினில் நிறம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. படுக்கப் போகும் முன் சம்ப் மட்டத்துக்குச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பார்த்தால் அதன் குறையும் தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு இங்கே மீட்டர் இல்லை. மாறாத ஒரு தொகையைக் கட்டிவிடுகிறோம். ஒழுகினாலும் பணம் கூடாது. அதனால் எங்கள் மனநிம்மதி குலைவதே இல்லை.

இந்த நிம்மதிக்கு விலை கொடுத்தவர்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர்கள். எங்கள் பகுதியில் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் இருக்காது. சில மணி நேரம் வரும், நின்றுவிடும். வரும்போது அழுத்தத்தில் வெடிப்பு வழியாக வெளியே பீறிடும். நின்ற பிறகு குழாய் வெறுமையாகி, அதே வெடிப்பு வழியாக வெளியில் தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய். போதாததற்கு மேட்டில் இருக்கும் சில வீடுகளில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சுகிறார்கள். அந்த உறிஞ்சல் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கும். கசிவு என்பது இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. வைகாசியில் கடைசி வீடுகளின் அடிபம்பில் முதல் இரண்டு குடம் நாற்றமாக வந்தது. அவர்களும் எங்கள் தெருக்காரர்கள்தானே, பொறுமையாகக் கொட்டிவிட்டு மூன்றாவது குடத்தைப் பிடித்தார்கள். அந்த மாதம் அங்கே இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதில் ஒரு குழந்தை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தது. நாங்கள் எல்லோரும் ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அன்புக்கும் எங்கள் தெருவில் குறைவில்லை. திரும்பி வரும்போது வழியில் அந்தச் செங்கல் இரண்டும் இருந்தன.

அதியமானுக்காகத் தூது போன ஔவையார் தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. அங்கே வேல்கள் நெய் பூசி, மாலை சூடி, மெருகு குலையாமல் இருந்தன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. பார்த்ததைப் பார்த்தபடிதான் சொன்னார். நானும் எங்கள் தெருவைப் பற்றி இதுவரை ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் குழாய்களும் பளபளக்கின்றன. வாங்கிய நாளின் மினுக்கம் போகவில்லை, எந்த ஸ்பானரும் அவற்றைத் தொட்டதில்லை.

கடைசி வீட்டுக்கு முந்தின ஓட்டு வீட்டில் பூக்கட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் குழாய் அவலட்சணம். திருகித் திருகித் தலை தேய்ந்து, கழுத்தில் நூல் சுற்றி, அதன்மேல் எம்சீல் அப்பியிருக்கும். குணமும் அப்படித்தான். யார் வீட்டுத் தொட்டி வழிந்தாலும் கீழே நின்று, “அக்கா, டேங்க் வழியுது, மோட்டாரை அணைங்க” என்று தெருவே கேட்கக் கத்துவார். மதியத் தூக்கம் என்று பார்க்க மாட்டார். வம்புக்காரி, வாய்க்காரி, தன் வேலையைப் பார்க்கத் தெரியாதவள் என்று எங்கள் தெருவில் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் இல்லை. மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆறு மாதம் சொந்த ஊரில் இருந்துவிட்டு ஆனியில்தான் திரும்பினார்.

பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஈரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே 1916ஐ அழைத்தார். தெருப் பெயர், எதிர்வீட்டுக் கதவு எண், மின்கம்பத்தில் எழுதியிருந்த எண், எந்த நேரத்தில் தண்ணீர் பொங்குகிறது என்பது, எல்லாவற்றையும் சொன்னார். புகார் எண்ணைப் பூ சுற்றும் காகிதத்தில் குறித்துக்கொண்டார். மறுநாளும் அழைத்தார். மூன்றாம் நாள் ஆட்கள் வந்து தோண்டினார்கள். மெயின் குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் மூட்டில் சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு. கிளாம்ப் போட்டு மூடி, மண்ணைத் தள்ளி, மதியத்துக்குள் போய்விட்டார்கள். அந்த இரண்டு செங்கல்லையும் அந்த அம்மாவே எடுத்துப்போய்த் தன் குடத்தடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை தண்ணீர் விட்டபோது, கடைசி வீட்டில் பம்பைத் தொடுவதற்கு முன்பே அதன் வாயில் தண்ணீர் வந்தது. முதல் குடத்தை அந்தக் குழந்தையின் தாய் மோந்து பார்த்தாள். கொட்டவில்லை.