தவளைக்கு வெர்னியர் வைப்பவர்

கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ நாலு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் போட்டுப் பட்டறை நடத்துகிறவர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பீஸுக்கு முப்பது பைசா குறைத்துக் கேட்கும் பார்ட்டியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார். இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளி எடைக்குப் போட்டு, அந்தக் காசில் பட்டறையின் டீச்செலவை ஈடுகட்டுவார். ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில் வைத்த மொய் திரும்பி வந்ததா என்று பழைய நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். காத்தாலைக் காப்பியிலிருந்து ராத்திரிக் கொசுவர்த்தி வரைக்கும் அவரிடம் கணக்கு உண்டு. கணக்கில்லாத ஒரே சங்கதி, வெரால் பிடிக்கிற செலவு.

அதற்கு நோட்டும் கிடையாது, பில்லும் கிடையாது. கூரியரில் வந்த டப்பாவின் விலைச்சீட்டு வாசற்படி தாண்டும் முன்பே கிழிபட்டுவிடும். “எவ்வளவுங்க ஆச்சு?” என்று ஊட்டுக்காரம்மா கேட்டால், “ஆஃபர்ல வந்துது அம்மிணி” என்பார். அதற்கு மேல் அந்த அம்மாவும் கேட்பதில்லை. ஆஃபரில் வந்த டப்பாக்கள் ஒரு பீரோவை நிறைத்துவிட்டன.

இவரைத் தூண்டில்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. முகம் சுருங்கிப் போகும். குளக்கரையில் மூங்கில் குச்சியும் தங்கூஸும் தக்கையுமாக உட்கார்ந்து மைதா உருண்டையில் ஜிலேபி பிடிக்கிறாரே, அவர்தான் தூண்டில்காரர். இவர் ஆங்லர். மண்புழுவைத் தொட மாட்டார். உயிருள்ள தவளையை முள்ளில் குத்துவது மீனை ஏமாற்றுகிற வேலை என்பார். ரப்பர் தவளையைக் காட்டி, இதுதான் நிஜத் தவளை என்று மீனை நம்ப வைப்பதுதான் அவருக்கு நேர்மை.

குருபீடம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பாசி மண்டிய ஏரிகளில் பாஸ் என்றொரு மீன். அதைப் பிடிக்கும் வீடியோக்களை ராத்திரி பதினொரு மணி வரை பார்ப்பார். நம்ம நொய்யல் குளங்களில் பாஸ் இல்லை. அதன் இடத்தில் விராலை உட்கார வைத்துவிட்டார். அதிலொன்றும் தப்பில்லை, விரால் லேசுப்பட்ட மீன் இல்லை. தெலங்கானாவுக்கு அது மாநில மீன். ஹைதராபாத்தில் வருஷா வருஷம் ஆஸ்துமாவுக்கு மருந்து வைத்து உயிரோடு விழுங்கக் கொடுக்கும் குஞ்சும் அதுதான். செவுள் மட்டும் விராலுக்குப் போதாது. நடுநடுவே மேலே வந்து காற்றை வாயால் ஒரு மடக்கு விழுங்கிவிட்டுப் போகும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். இந்த வித்தை தெரிந்ததால்தான், சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மூடிய குளத்திலும் அது சுகமாகக் குடித்தனம் நடத்துகிறது.

ஆகாயத்தாமரையும் அமெரிக்கச் சரக்குதான், தென் அமெரிக்கா. உக்கடத்திலும் சிங்காநல்லூரிலும் குறிச்சியிலும் அதை அகற்றச் சொல்லி ஊரே மனுக் கொடுக்கிறது. பொக்லைன் வந்து அள்ளும், சில மாதத்தில் மறுபடியும் மூடும். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கரையெல்லாம் நடைபாதையும் விளக்குமாகக் குளங்கள் பளிச்சென்று ஆனபோது கோயமுத்தூரே போய்ப் படம் எடுத்துக்கொண்டது. இவர் மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி கைகட்டி நின்றார். “தாமரையைப் பூராவும் எடுத்துட்டாங்ளே... வெரால் எங்கீங்க போயி ஒண்டும்?” தாமரை மூடிய குளத்துக்காக வருத்தப்படுகிறவர்களுக்கு நடுவே, தாமரை போன குளத்துக்காக வருத்தப்பட ஊரில் ஓர் ஆளாவது இருக்கிறார்.

அவருடைய பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள், பட்டறையின் டூல் ரூம் தோற்றது என்பார்கள். தட்டுத் தட்டாக லேபிள் ஒட்டியிருக்கும். புதுத் தவளை வந்தவுடன் அதை முதலில் பார்ப்பது மீனில்லை, வெர்னியர் காலிப்பர். 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் கருவியால் ரப்பர் தவளையின் இடுப்பளவு எடுக்கப்படும். அப்புறம் ஆபரேஷன். பின்னால் தொங்கும் ரப்பர்க் கால்களில் ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாகக் கத்தரித்தால் தவளை நேராக வராமல் இடமும் வலமும் திரும்பித் திரும்பி வரும் என்பது ஒரு சித்தாந்தம். பழைய பேரிங்கை உடைத்து இரண்டு ஸ்டீல் குண்டுகளை வயிற்றுக்குள் விட்டால் கிலுகிலுவென்று சத்தம் வரும் என்பது இன்னொன்று. குண்டுகளின் எடையில் தவளை தண்ணீரில் குப்புறக் கவிழும். அதைச் சரிக்கட்ட வாலில் ஈயம். ஈயம் சுத்தியதும் தவளை முங்கிவிடும். சனிக்கிழமை ராத்திரி பாத்ரூம் பக்கெட்டில் இந்த டெஸ்டிங் நடக்கும்போது வீட்டில் யாரும் குளிக்க முடியாது.

அறுபத்துமூவர் கதை போல லூர் எனும் பொய் இரையின் வரலாறும் அவருக்கு மனப்பாடம். ஃபின்லாந்தில் லவ்ரி ரபலா என்ற மீனவர் 1936-ல் தக்கைக் கட்டையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகட்டை அதன் மேல் ஒட்டி முதல் லூரைச் செய்தது. 1949-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் நிக் கிரீம் வீட்டிலேயே ரசாயனம் காய்ச்சி ரப்பர்ப் புழு வார்த்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். “அவங்களும் நம்மளையாட்டப் பட்டறைக்காரங்கதானுங்க” என்று முடிக்கும்போது கண் லேசாகக் கலங்கும்.

குளத்துக்கு வருவோம். விடிந்தும் விடியாத நேரம், சூலூர்ப் பக்கம் ஒரு குளம். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து ஆகாயத்தாமரை மொத்தத்தையும் கிழக்குக் கரையில் ஒதுக்கியிருக்கிறது. செடிக்கு ரப்பர் தவளைதான் தோது என்று சின்னப் பையனுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் புதுசாக வந்த டப்பாவைப் பிரிக்காமல் எப்படி? முதலில் கிராங்க்பெய்ட். அடிவயிற்றில் மும்முனை முள் இரண்டு தொங்கும் மீன் பொம்மை அது. முதல் வீச்சிலேயே வேரும் பூவுமாக ஒரு தாமரைச் செடி வந்தது. அடுத்து ஸ்பின்னர்பெய்ட், பித்தளைத் தகடு சுழன்று மின்னுவது. தகட்டில் வேலம்பாசி சுற்றிக்கொண்டு, சுழல வேண்டியது தூங்கியது. அப்புறம் டெக்ஸஸ் ரிக்: முள்ளின் முனையை ரப்பர்ப் புழுவுக்குள்ளேயே ஒளித்துவிடுவதால் செடியில் சிக்காது. சிக்கவில்லைதான். ஆனால் மெத்தை கட்டிய தாமரையைத் தாண்டி அது கீழேயே இறங்கவில்லை. டங்ஸ்டன் குண்டு கோத்து ஓங்கிப் போட்டார். மெத்தையைத் துளைத்துக்கொண்டு போய் அடிச் சேற்றில் குந்திக்கொண்டது. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் தவளை வெளியே வந்தது.

அதை அவர் போடுகிற அழகைப் பார்க்க வேண்டும்; அப்போது மட்டும் கிண்டல் செய்ய வாய் வராது. செடிகளுக்கு நடுவே பாய் அகலத்துக்கு ஒரு வெற்றுத் தண்ணீர். அதற்கு மேல் போடாமல், அதைத் தாண்டி அந்தப் பக்கத்து இலைமேல் தவளையை அலுங்காமல் இறக்குவார். முதுகோடு ஒட்டி மேல்நோக்கிக் கிடக்கும் இரட்டை முள் எதிலும் மாட்டாது. இலைக்கு இலை தத்தி வந்து தவளை வெற்றுத் தண்ணீருக்குள் விழும். அங்கே நிறுத்துவார். வளையங்கள் அடங்கும். கம்பின் நுனியில் ஒரு சின்ன உதறல். தண்ணீர் வெடிக்கும். தவளை இருந்த இடத்தில் ஒரு குழி.

இந்த இடத்தில்தான் மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். விரால் வாயை மூடி, ரப்பர் வயிறு நசுங்கி, முள் வெளியே வர அந்த நேரம் வேண்டும். லேத்தில் ஜாப் நழுவினால் கண்ணிமைக்கும் முன் சுவிட்சை அமுக்கிப் பழகிய கை அது. எங்கே எண்ணும்? வெடித்த அதே நொடியில் இழுத்துவிடுவார். 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு நரம்பின் முனையில் தவளை மட்டும் காதோரம் விர்ரென்று பறந்து, பின்னாலிருக்கும் சீமைக்கருவேலத்தில் போய்த் தொங்கும்.

கார் கம்பெனிக்குப் பார்ட்ஸ் கொடுக்கிறவர்களுக்கு ஒய்-ஒய் அனாலிசிஸ் பழக்கம். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ரிப்போர்ட் எழுத வேண்டும். விரால் போனதற்கும் இவர் அதை ஓட்டுவார். ஏன் போச்சு? முள் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? சீக்கிரம் இழுத்தாயிற்று. உண்மை இங்கேயே வந்துவிட்டது. ஆனால் ‘ஆபரேட்டர் தப்பு’ என்று எழுதினால் எந்தக் கம்பெனியும் ரிப்போர்ட்டை ஏற்காது. செய்முறையை மாற்றச் சொல்லும். அதனால் மேலே போவார். ஏன் சீக்கிரம் இழுத்தோம்? கம்பு விறைப்பு அதிகம். ஏன் அதிகம்? நாம் வாங்கியது ஹெவி, மீடியம் ஹெவி வாங்கியிருக்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்குப் பதில் எப்போதும் ஆன்லைன் கடையில் கிடைக்கும்.

பத்து தடவைக்கு ஒரு தடவை மீன் ஏறத்தான் செய்கிறது. தலையைச் செடிக்குள் நுழைய விடாமல் கம்பை உயர்த்திப் பிடித்து, தாமரை மேலேயே சறுக்கி இழுத்துக் கொண்டுவருவார். எடை போட்டு, படம் எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திருப்பி விட்டுவிடுவார். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிக்கும் இடத்தில் தாய் தகப்பன் காவல் இருக்கும் என்று அந்தப் பக்கம் தவளையையே போட மாட்டார். இந்தத் தர்மத்தில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. அவருடைய அம்மா சொல்வார். “ஏஞ்சாமி, உட்டுட்டு வர்றதுக்கு எதுக்குப் புடிக்கோணும்? கொழம்புக்கு ரெண்டு துண்டமாச்சும் ஆவுமல்லோ?” உடனே உலக சாதனையை அவிழ்ப்பார்: 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ், 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்துக் கிலோவுக்கும் மேல், 2009-ல்தான் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். அந்த பெர்ரி மீனைக் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டார் என்பதையும், குரிதா போட்டது உயிருள்ள மீன்குஞ்சு என்பதையும் மட்டும் அம்மாவிடம் சொல்ல மாட்டார்.

இவருக்கு இல்லாத கணக்கு வேறொருவரிடம் பத்திரமாக இருக்கிறது. குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், கரையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். காத்தாலே வரும்போதே காசை வாங்கி நோட்டில் எழுதிக்கொள்வார். கூட நிற்கும் பையனுக்கு ஒரு சந்தேகம்: “ஏனுங்கய்யா, வலை போட்டா அந்த வெராலக் கறிக்கு வித்துப்போடலாமல்லோ?”

குத்தகைக்காரர் நோட்டை மூடினார். “கறிக்கு வித்தா ஒருக்காத்தான்டா காசு. இவருக்கு அதே மீனை வாரா வாரம் விக்கலாம்.”