அம்பைக்கு ஒரு தனி விமானம்

சென்னையில் கடை வைத்திருக்கும் எங்கள் தெரு அண்ணாச்சிக்கு ஓர் ஆசை: மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைத் தனி விமானத்தில் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிவர வேண்டும். அம்பையில் விமானம் இறங்க ஏது இடம்? தாமிரபரணி மணலில் இறக்கலாமென்றால், மணல்தான் முன்பே லாரி ஏறிப் போய்விட்டதே! ஆகவே தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம். 2025 ஜூலையில் அங்கே புது முனையம் திறந்தார்கள். ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை பெரும்பாலும் விசிறி வைத்த சிறு விமானங்கள்தான் வந்து போயின.

வாடகைக் கணக்குதான் ருசி. மணிக்கு இவ்வளவு. காலியாகத் திரும்பும் மணிக்கும் அதே. பிறகு இறங்குகிற கட்டணம், நிறுத்துகிற கட்டணம், விமானி ராத்தங்கல், தலைக்கு மேல் ஜி.எஸ்.டி. பாபநாசம் போய்வந்த டாக்சிக்காரரிடம் ‘ரிட்டன்’ காசுக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டியவர், இதற்கு மட்டும் பவ்யமாகத் தலையாட்டினார்.

சின்ன ஜெட்டில் எட்டுப் பேர் உட்காரலாம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் எட்டுப் பேர் என்பது, கோபித்துக்கொண்டு நிற்கும் சித்தப்பா குடும்பம் மட்டுமே. திரும்பும்போது சீர் முறுக்கு, அல்வா, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு எல்லாம் எந்த மடியில்?

சென்னையிலிருந்து வானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வாகைக்குளத்திலிருந்து பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகக் காரில் வர அதைவிட அதிகம்.

“அண்ணாச்சி, பேசாம எல்லாருக்கும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டா என்ன?”

“அதுல எடம் கெடைக்காதுவே.”