யானைக்கவுனிப் பெரியப்பாவுக்கு எஸ்பிரஸோ விளக்கவுரை

டாண்டெனாங், மெல்பர்ன்.

சென்னை யானைக்கவுனியில் வாழும் பெரியப்பா அவர்களுக்குத் தம்பி மகன் எழுதுவது.

மெல்பர்ன் நகரில் காபி என்பது பானம் என்ற நிலையைக் கடந்து, குடியுரிமைக்கான எழுதப்படாத தகுதிகளுள் ஒன்றாகவே கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறிய இத்தாலியரின் செல்வாக்கால், 1954இல் பர்க் தெருவில் தொடங்கப்பட்ட பெல்லெகிரினிஸ் போன்ற எஸ்பிரஸோ கடைகள் இங்கு வேரூன்றின. 2008இல் ஸ்டார்பக்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்த தன் 84 கடைகளில் 61ஐ மூட நேர்ந்தது என்பதிலிருந்தே உள்ளூர் நாக்கின் கறார் விளங்கும். இச்சூழலின் நெருக்குதலால் தம்பி மகனின் சமையலறையிலும் எஸ்பிரஸோ கருவி ஒன்று இடம்பிடித்துள்ளது. அதன் விலை பெரியம்மாவின் உடல்நலம் கருதி இங்கு வெளியிடப்படவில்லை.

கல்யாண வரவேற்பில் மண்டப வாசலில் சீறி நிற்கும் கொதிகலனே எஸ்பிரஸோ இயந்திரம் என்பது பெரியப்பா அவர்களின் நெடுநாள் கருத்து. அக்கொதிகலனின் நீராவி பாலை நுரைக்கச் செய்யுமேயன்றி, காபித்தூளின் வழியே நீரைச் செலுத்துவதில்லை. இன்ஸ்டன்ட் தூளும் சர்க்கரையும் கோப்பையிலேயே அடிக்கப்பட்டுக் காத்திருக்கும். ஆயினும் அக்கருத்தை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. 1901இல் லூய்ஜி பெட்சேரா என்ற மிலான் நகரத்தார் காப்புரிமை பெற்ற இயந்திரமும் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்தது. ஆக்கிலே காஜ்ஜியா என்பவர் நெம்புகோலால் இயங்கும் உந்துதண்டைப் புகுத்திய பின்னரே அழுத்தம் பன்மடங்கு உயர்ந்து, காபியின் மேல் ‘கிரேமா’ எனப்படும் பொன்னிற நுரைப்படலம் தோன்றியது.

எஸ்பிரஸோ என்பது, நைஸாக அரைத்து அழுத்தமாக அடைக்கப்பட்ட ஏறத்தாழ 18 கிராம் தூளின் வழியே, 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீரை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் செலுத்தி, 25 முதல் 30 விநாடிகளில் சுமார் 36 கிராம் சாறாக வடிப்பதாகும். தூள் பருமனாக இருந்தால் நீர் விரைந்தோடிக் காபி புளிக்கும். மிக நைஸானால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும். தூளைச் சீராகப் பரப்பாவிட்டால், சென்னை வால்டாக்ஸ் சாலையில் சந்து கண்ட ஆட்டோவைப் போல நீர் ஓரிடத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும்.

இத்தனை ஆரவாரத்திற்குப் பின்னும், பால் சேர்த்துக் குடிப்பவருக்குச் சுவையைத் தீர்மானிப்பது பெரிதும் பாலே. குளிர்ந்த பாலில் நீராவிக் குழாயின் நுனியை மேற்பரப்பை ஒட்டி வைத்தால், காகிதம் கிழிபடுவதை ஒத்த மெல்லிய ஒலியுடன் காற்று உள்ளே புகும். பாலின் புரதங்கள் அக்காற்றுக் குமிழ்களைச் சூழ்ந்து நுரையாக நிறுத்தும். பாத்திரம் உள்ளங்கைச் சூட்டை எட்டியதும் நுனியைச் சற்று ஆழ்த்திப் பாலைச் சுழலவிட்டால், பெருங்குமிழ்கள் உடைந்து பளபளப்பான மென்னுரையாகும். 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்திவிட வேண்டும். 70ஐத் தாண்டினால் இனிப்பு மங்கிக் காய்ச்சிய வாடை மேலோங்கும். நுரை தடித்தால் கப்புச்சினோ, பால் மிகுந்து நுரை மெலிந்தால் லாத்தே, அதனினும் மெலிந்த நுரையுடன் சிறு கோப்பையில் வந்தால் ஃபிளாட் ஒயிட். இந்தக் கடைசிப் பானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் இன்றளவும் வழக்காடுகின்றனர்.

பால் பொங்காமல் இறக்கியதைக் காபி என்று பெரியப்பா அவர்கள் ஏற்கமாட்டார் என்பது உறுதி; 65 டிகிரிக் காபி யானைக்கவுனியில் ஆறிப்போன காபியாகவே திருப்பி அனுப்பப்படும். எனினும், இத்தாலியக் கலவைகளின் கிரேமாவுக்குத் துணைநிற்பது இந்திய ரொபஸ்டா வகைக் கொட்டையும்தான் என்பதையும், இந்தியக் காபியை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் இத்தாலி முன்னிற்பதையும் நோக்கினால், இங்கு வாங்கப்படும் இத்தாலியப் பொட்டலத்தில் குடகுக் கொட்டை கலந்திருக்க வாய்ப்புண்டு. தம்பி மகனைவிடக் குறைந்த விசாச் சிரமத்துடன் அது வந்து சேர்ந்திருக்கும்.

கருவி இன்றியும் அங்கே சோதித்துப் பார்க்கலாம். 4.5 விழுக்காடு கொழுப்புள்ள ஆவின் பச்சைப் பாக்கெட் பாலைக் கை பொறுக்கும் அளவைச் சற்றே தாண்டும்வரை சூடாக்கி, மத்தால் கடைந்து, ஃபில்டரின் முதல் டிகாக்‌ஷனில் ஊற்றினால் போதும். கிரேமா இராது, கப்புச்சினோவின் பெரும்பகுதி இருக்கும். சிக்கரி கலவாத தூள் இதற்கு ஏற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வீட்டிலும் கருவிக்கு ஓய்வளிக்கப்பட்டுப் பித்தளை ஃபில்டரே ஆட்சி செய்கிறது. இங்குள்ள கைப்பிடிக் கோப்பைகளில் காபியை ஆற்ற வழியில்லாமையால், மெல்பர்ன் வருவோர் எவரிடமேனும் இரண்டு டபரா செட் கொடுத்தனுப்பும்படி பெரியப்பா அவர்களைத் தம்பி மகன் கேட்டுக்கொள்கிறான்.