யாருக்குத் தெரியும்?

கேள்வி: அரமேய மொழியில் 'அறிதல்' எப்படி வரும்? அதற்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டா?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: அரமேயத்தின் கிளையான சிரியாக்கில் 'யாத-னா' என்றால் 'நான் அறிகிறேன்'. அங்கே அறிபவரே எழுவாய். நாமோ 'எனக்குத் தெரியும்' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நின்று, தெரியும் பொருளுக்கு வழிவிடுகிறோம். மாமல்லபுரத்துக்குப் படகைத் திருப்பும் மீனவர் 'கோயில் தெரியுது' என்பார். கண்ணுக்கும் அறிவுக்கும் ஒரே சொல்! எனக்கு இதில் தீராத வியப்பு.

தொடர்பா? பரங்கிமலை பழைய செங்கல்பட்டு மாவட்டம்தானே! அங்கே 1547-இல் கிடைத்த கற்சிலுவையில் இருப்பது பஹ்லவி எழுத்து. அரமேய எழுத்தின் வாரிசு. பஹ்லவி எழுத்தர்கள் 'அறி' என்பதை அந்த அரமேய வேரிலேயே எழுதிவிட்டு, படிக்கும்போது 'தானிஸ்தன்' என்று பாரசீகத்தில் படித்தார்கள். நாம் '5' என்று எழுதி 'ஐந்து' என்று படிக்கிறோமே, அப்படி.